ரத்தம் கம்மி, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை: பேரீச்சையும் பீட்ரூட்டும் போதுமா?

கேள்வியின் சுருக்கம் இது. 32 வயதுப் பெண், எடை 52 கிலோ. ஹீமோகுளோபின் 9.6, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. மருத்துவர் 100 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்தே நாளில் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல். மலமும் கறுப்பாகப் போகவே பயந்து நிறுத்திவிட்டார். இப்போது தினமும் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ், ஐந்து பேரீச்சை, ஒரு கிண்ணம் மாதுளை. இதிலேயே ரத்தம் ஊறிவிடுமா? வயிற்றைப் படுத்தாத மாத்திரை ஏதாவது உண்டா?

முதல் கேள்விக்குப் பதில்: ஊறாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கும்.

உடலில் எவ்வளவு இரும்பு பற்றாக்குறை என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. ஊசி வழியாக இரும்பு ஏற்றும்போது மருத்துவர்கள் போடும் கணக்கு. எடையை, வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போது உள்ளதற்குமான வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 13 வேண்டும், இருப்பது 9.6. ஆக 52 × 3.4 × 2.4 = 424 மில்லிகிராம். இது ரத்தத்துக்கு மட்டும். ஃபெரிட்டின் 7 என்றால் கையிருப்பு துடைத்துவிட்ட மாதிரி. அதை நிரப்ப இன்னொரு 500. மொத்தம் 924 மி.கி. இரும்பு உடலுக்குள் போய்ச் சேர வேண்டும். வாய்க்குள் போவதைச் சொல்லவில்லை, குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேருவதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பழத்தட்டைப் பார்ப்போம். ஐந்து பேரீச்சை ஏறக்குறைய 40 கிராம். நல்ல உலர் பேரீச்சையில் 100 கிராமுக்கு அதிகம் போனால் 4.7 மி.கி. இரும்பு, பல ரகங்களில் 1 மி.கி.தான். தாராளமாக வைத்தாலும் ஐந்து பழத்துக்கு 2 மி.கி. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு முக்கால் மி.கி., மாதுளையில் அதில் பாதிகூட இல்லை. சிவப்பாக இருப்பது ரத்தம் ஊற வைக்கும் என்ற நம்பிக்கை நிறத்தை வைத்து வந்தது. அந்தச் சிவப்பு வேறு நிறமி, இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மூன்றையும் கூட்டினால் நாளுக்கு 3 மி.கி.க்குச் சற்று மேல். தாவர உணவிலிருந்து பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்படும் என்று வைத்துக்கொண்டால் 0.3 மி.கி. 924ஐ இதால் வகுத்தால் மூவாயிரம் நாளுக்கு மேல், அதாவது எட்டு வருஷம். அதுவும் மாதவிடாயில் போவதைக் கழிக்காமல்.

சாப்பாட்டை மிக நன்றாகத் திருத்தி, செலவு போக நாளுக்கு 1 மி.கி. மிச்சம் பிடித்தாலும் இரண்டரை வருஷம் ஆகும். மாத்திரையை முறையாகப் போட்டால் ஐந்தாறு மாதம். சாப்பாடு தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பள்ளத்தை நிரப்புவது மாத்திரையின் வேலை, நிரம்பியது திரும்ப வற்றாமல் பார்த்துக்கொள்வது சாப்பாட்டின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வருஷக்கணக்கில் 9க்கும் 10க்கும் நடுவிலேயே நிற்கிறார்கள்.

அடுத்து, மாத்திரை ஏன் படுத்தியது? மருந்தின் பெயரைவிட, போட்ட விதத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

கல்லீரலில் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. இரும்பு உள்ளே வரும் வாசலுக்கு அதுதான் காவல். 60 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரே வேளையில் இரும்பு எடுத்தால், சில மணி நேரத்தில் ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வாசலை ஒருக்களித்து வைத்துவிடும். காலை மாத்திரை வாசலை மூட வைக்கிறது, இரவு மாத்திரை வந்து மூடிய கதவில் மோதுகிறது. உள்ளே போகாத இரும்பு எங்கே போகும்? பெருங்குடலுக்கு. அங்கே சுவரை எரிச்சலூட்டி, கிருமிகளுக்குத் தீனியாகி, மலத்தைக் கறுப்பாக்கி இறுக்குகிறது. நீங்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு, உறிஞ்சப்படாமல் வீணான இரும்பால் வந்தது.

இதை ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் அளந்தே பார்த்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு. இரும்புக் கையிருப்பு குறைந்த இளம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 60 மி.கி. தினமும் 14 நாள், மற்றதற்கு அதே 14 மாத்திரைகள் ஒன்று விட்டு ஒரு நாளாக 28 நாள். தினமும் எடுத்தவர்களுக்கு 16.3 சதவீதம் உறிஞ்சியது, ஒரு நாள் விட்டு எடுத்தவர்களுக்கு 21.8 சதவீதம். ஒரே வேளையில் முழு அளவு போடுவதைவிட அதையே காலை, இரவு என்று பிரிப்பதால் லாபமில்லை என்றும் தெரிந்தது.

ஆகவே வயிற்றுக்கு இதமான இரும்பு என்று புதுப் பெயரைத் தேடுவதற்கு முன், மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இரண்டு வேளை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மாத்திரையை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் எடுக்கலாமா?" பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மேலே போட்ட கணக்குப்படி, 60 மி.கி.யில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு நாளைக்கு 12 மி.கி., நாளுக்கு 6. 924ஐ ஆறால் வகுத்தால் 154 நாள். அந்த ஐந்து மாதக் கணக்கு இப்படி வந்ததுதான். மாதவிடாய் இழப்பைச் சாப்பாடு ஈடுகட்டுகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது.

இது எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகள் தாங்களாகவே ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு நாட்கணக்கு முக்கியம், அரசுத் திட்டமும் தினம் ஒரு சிவப்பு மாத்திரை, 180 நாள் என்றே வகுத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருப்பவர்கள், அறுவை சிகிச்சை நெருங்கியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தப்போக்கு நிற்காதவர்கள் ஆகியோருக்கும் வேகம் வேண்டும். அவர்களுக்கு நரம்பு வழி இரும்பே சரியாக இருக்கலாம்.

இனி மாத்திரை அட்டை. அதில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். உப்பின் (அதாவது மாத்திரையிலுள்ள இரும்புச் சேர்மத்தின்) எடை வேறு, அதிலுள்ள தனி இரும்பின் எடை வேறு. உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்றால் இரும்பு 65. ஃபெரஸ் ஃபூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 152 மி.கி.யில் 50. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 12 சதவீதம்தான், 300 மி.கி.யில் 35. ஃபெரஸ் அஸ்கார்பேட் அட்டைகளில் பொதுவாக "100 மி.கி. தனி இரும்புக்குச் சமம்" என்று நேரடியாகவே போட்டிருப்பார்கள். குளுக்கோனேட் இதமானது என்று பேர் வாங்கியதற்கு அதில் இரும்பு குறைவு என்பதே பெரிய காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த 60 உங்களுக்கு இப்போதைய 100ஐவிடப் பொருத்தம்.

அளவைக் குறைத்து, நாளையும் இடைவிட்டுப் பார்த்த பிறகும் வயிறு கேட்கவில்லை என்றால் அப்போது உப்பை மாற்றலாம். ஃபெரஸ் பிஸ்கிளைசினேட் என்பது இரும்பைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்தது. உணவிலுள்ள தடைகள் இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை, குமட்டலும் குறைவு. நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். சோடியம் ஃபெரெடிடேட் சிரப்பாகக் கிடைக்கிறது. 231 மி.கி.யில் 33 மி.கி. இரும்பு, உலோகச் சுவை குறைவு. சிரப் எதுவானாலும் ஸ்ட்ரா வைத்துக் குடித்து வாயைக் கொப்பளியுங்கள், இல்லையென்றால் பல் கறுக்கும். இரும்பு பாலிமால்டோஸ் வயிற்றை அதிகம் தொந்தரவு செய்யாது, சாப்பாட்டோடு எடுக்கலாம், ஆனால் ரத்தம் ஏறும் வேகம் பல சமயம் மந்தம். அவசரமில்லாத லேசான குறைவுக்கு ஆகும். லிப்போசோம் இரும்பு என்று விலை கூடிய ஒன்றும் விற்கிறது. மற்ற எதுவுமே தாங்காதவர்கள் கடைசியாக யோசிக்கலாம். குடலில் மெதுவாகக் கரையும் பூச்சுப் போட்ட மாத்திரைகளை நான் பரிந்துரைப்பதில்லை. இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில். பூச்சு கரைவதற்குள் மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிவிடும். வயிறு நிம்மதியாகத்தான் இருக்கும், ரத்தம் ஏறாது.

எடுக்கும் முறை: காலை எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. ஹெப்சிடின் காலையில் தாழ்ந்திருப்பதால் காலைக்கே மதிப்பு அதிகம். சூரிச்சில் நடந்த இன்னொரு ஆய்வில், அதே மாத்திரையை மதியத்துக்கு மேல் எடுத்தபோது உறிஞ்சுதல் 37 சதவீதம் குறைந்தது. காபியோடு எடுத்தபோது 54 சதவீதம் போயிற்று. பாதி எலுமிச்சையைப் பிழிந்து அந்தத் தண்ணீரில் சேர்ப்பது நல்லது, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் விட்டுவிடலாம். தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்க வேண்டாம். 2020இல் ஷாங்காயில் 440 பேரை வைத்துப் பார்த்தபோது, இரும்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கூடவே வைட்டமின் சி எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது.

வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு வாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு எடுங்கள். உறிஞ்சுதல் கொஞ்சம் குறையும். மாத்திரையே நின்றுபோவதற்கு அது எவ்வளவோ மேல். அதுவும் முடியாதவர்கள், இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் எடுத்தால் குமட்டலைத் தூங்கியே கடந்துவிடலாம்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா. இசப்கோல் எடுப்பவர்கள் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்கவும். கறுப்பு மலம் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் அது தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டிக்கொள்ளும் பசையாக, வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றத்தோடு இருந்தால் அது குடலில் ரத்தக் கசிவு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு மாத்திரைகளோடு மோதுவதையும் கவனியுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் போடுபவர்கள் இரும்பைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளுவதே எளிது. கால்சியம் மாத்திரையை இரும்போடு சேர்த்துப் போடவே கூடாது. வீட்டுக்கு வீடு இருக்கும் "கேஸ் மாத்திரை", அதாவது பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகைகள், வயிற்று அமிலத்தைக் குறைத்து இரும்பு கரைவதையே கெடுக்கும். இரும்பு மாத்திரை எரிகிறது என்று கேஸ் மாத்திரையைச் சேர்ப்பதும், கேஸ் மாத்திரையால் இரும்பு ஏறாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. மாதக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டிருந்தால், உண்மையில் தேவைதானா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இப்போது சாப்பாடு. இந்திய உணவில் பெண்களுக்கு நாளுக்கு 29 மி.கி. இரும்பு என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வைத்த பரிந்துரை. ஆண்களுக்கு 19. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 29 என்பது கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் போதுமாக வைத்த பாதுகாப்பு அளவு, சராசரித் தேவை 15தான். வாய் வழியாகப் போவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலில் சேரும் என்ற கணக்கில் போட்டது. ஆகவே எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே, எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் பெரிய விஷயம்.

எதிரிகளில் முதல் இடம் டீக்கு. 1983இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு சாப்பாட்டோடு டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சுதல் 64 சதவீதம் குறைந்தது, காபியில் 39. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் கெடுதல் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், கூடவே குடித்த அளவுக்குக் கெடுதல். வயிற்றில் சாப்பாடு இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே காலை ஆறு மணி டீயை நீங்கள் விட வேண்டியதில்லை, எட்டு மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால். மாத்திரை நாளில் மட்டும் ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்கு மேல் டீ, எட்டரைக்கு டிபன். டிபன் முடிந்த கையோடு காபி, மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி டீ: இவை இரண்டைத்தான் நகர்த்த வேண்டும். நான்கு மணி டீயோடு சுண்டல் என்ற ஜோடியையும் பிரியுங்கள். கொண்டைக்கடலையின் இரும்பை டீ அப்படியே கட்டிப் போட்டுவிடும். டீ நான்குக்கு என்றால் சுண்டல் ஆறுக்கு.

தயிரும் மோரும் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். கால்சியம் தடுக்கும்தான், ஆனால் டீ அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். மதியம் கீரையும் பயறும் உள்ள சாப்பாட்டில் தயிரைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, மீதியை இரவு தோசை நாளில் சாப்பிடுங்கள். சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடித்துச் சாப்பாட்டை ஒதுக்கும் குழந்தைக்கு ரத்தசோகை வருவது சர்வ சாதாரணம். அங்கே பாலைக் குறைப்பதுதான் வைத்தியத்தின் பாதி.

நண்பர்களில் முதல் இடம் வைட்டமின் சிக்கு. மாத்திரைக்கு அவ்வளவாக வேண்டாத இந்தச் சத்து, தாவர உணவின் இரும்புக்கு மிகவும் வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் 50 மி.கி. சேர்ந்தால் உறிஞ்சுதல் இரண்டு மடங்கு வரை கூடும். நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 250 மி.கி., கொய்யாவில் 200க்கு மேல். ஒரு சின்ன எலுமிச்சைச் சாற்றில் 15, 20தான் வரும், எனவே எலுமிச்சையை மட்டும் நம்ப வேண்டாம். அரைக் கொய்யா அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய் அந்தச் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்க வேண்டும். காலையில் தின்ற கொய்யா மதியக் கீரைக்கு உதவாது. கொதிக்க வைத்தாலும் பலன் பெரும்பாலும் போய்விடும், பச்சையாகத்தான்.

கையில் பிடிக்கக்கூடிய ஒரு நாளைக் காட்டுகிறேன். காலை கம்பங்கூழ். 60 கிராம் கம்பில் 3.8 மி.கி. கம்பு மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது வெறும் சுவைக்காக மட்டும் இல்லை. தானியத்திலுள்ள ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும், புளிக்கும்போது அது சிதையும். தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்துக்கும் வேலை இருக்கிறது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தானியம், பயறுகளோடு வெங்காயமோ பூண்டோ சேர்த்தபோது உறிஞ்சத் தயாராகும் இரும்பின் அளவு கூடியது. ஆய்வகச் சோதனைதான், இருந்தாலும் நமக்குச் செலவில்லாத விஷயம். மதியம் சாதம், 40 கிராம் பாசிப்பயறு போட்ட குழம்பு, 75 கிராம் முருங்கைக்கீரைப் பொரியல், தட்டில் அரைக் கொய்யா. சாதம் 0.8, பயறு 2, கீரை 3.4. மாலை 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 2.7. ஒரு எள்ளுருண்டையில் 20 கிராம் கறுப்பு எள் இருந்தால் 2.8. இரவு தோசை, அதன் உளுந்தில் 1. கூட்டினால் பதினாறரை. கறி மீன் தொடாதவருக்கே இவ்வளவு வருகிறது. 29ஐத் தொடவில்லை, சராசரித் தேவையைத் தாண்டிவிட்டது.

பயறுகளை எட்டு மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முடிந்தால் ஒரு நாள் முளை கட்டுங்கள். முளை விடும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. கொள்ளில் 100 கிராமுக்கு 8.8 மி.கி. இருக்கிறது, அதற்கும் இதே பக்குவம். கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு 4.6 மி.கி. இருந்தாலும், கூடவே 360 மி.கி. கால்சியமும் துவர்ப்புப் பொருள்களும் இருப்பதால் இரும்புக்காக அதை நம்ப வேண்டாம். எலும்புக்கு நல்லது, அதற்காகச் சாப்பிடுங்கள். கம்புதான் இரும்புக்கு.

பழைய சத்துப் பட்டியல்களில் அவல் 100 கிராமில் 20 மி.கி. இரும்பு என்று போட்டிருக்கும், இன்றும் அதையே பகிர்கிறார்கள். 2017இல் வந்த புதிய இந்திய உணவுப் பட்டியலில் அது நாலரை. வெல்லமும் 4.6, அதாவது ஒரு நாளில் சேரும் 10 கிராமில் அரை மி.கி.கூட இல்லை. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்று மாறினால் ரத்தம் கூடாது, சர்க்கரை நோய் இருந்தால் அதுதான் கூடும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி குறுகியது. நம் ஊரில் ரத்தம் கம்மி என்றால் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது சரியான வைத்தியம். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. செம்மறி ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி. அளவுக்கு இரும்பு இருக்கிறது, ஈரலில் 7. மண்ணீரலின் இரும்பு எல்லாம் ஹீம் வடிவில் (ரத்தத்திலும் கறியிலும் உள்ள, எளிதில் உறிஞ்சப்படும் வடிவம்) இல்லை, ஆனாலும் கறியில் இருக்கும் ஹீம் இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை உறிஞ்சும், டீயும் ஃபைட்டேட்டும் அதை அவ்வளவாகத் தொடாது. ஆட்டு ரத்தப் பொரியலும் அதே ரகம், 100 கிராமில் 30 மி.கி. பக்கம். வாரம் இரண்டு முறை 50 கிராம் சுவரொட்டி நல்ல அளவு. வாங்கிய அன்றே, நன்றாக வேக வைத்து. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. யூரிக் அமிலம் உள்ளவர்களுக்கு ஈரல், மண்ணீரல் இரண்டுமே ஆகாது. சாதாரண ஆட்டுக்கறி, மீனில் இரும்பு 1, 2 மி.கி.தான். ஆனால் கூட உள்ள பயறு, கீரையின் இரும்பையும் அவை இழுத்துக்கொண்டு போகும். முட்டையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், மஞ்சள் கருவின் புரதம் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது.

இரும்புச் சட்டி பற்றி. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்புள்ளவற்றை இரும்புக் கடாயில் கொதிக்க விட்டால் இரும்பு கரைந்து வரும், நிஜம்தான். 1986இல் டெக்சாஸில் செய்த அளவீட்டில், தக்காளி சாஸ் இரும்புச் சட்டியில் கொதித்ததும் அதிலுள்ள இரும்பு 100 கிராமுக்கு 0.6இலிருந்து 5.8 மி.கி. ஆனது. புளிப்பும் நேரமும்தான் காரணம். தோசைக்கல்லில் இரண்டு நிமிஷம் கிடக்கும் தோசைக்கு அவ்வளவு வராது. எண்ணெய் ஏறிப் பளபளப்பான பழைய கடாயில் புதியதைவிடக் குறைவாகத்தான் கரையும். குழம்பு இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இரவு முழுக்கக் கடாயிலேயே கிடந்தால் கறுத்து, நாக்கில் உலோகச் சுவை தட்டும்.

ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்தால் அதில் நிறம் மாறிய, சில சமயம் மிதக்கும் மணிகள் தெரியும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் உள்ள மணிகளே அவை. கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு என்பது விதி. 150 கிராம் அரிசி சமைத்தால் 4 முதல் 6 மி.கி. எறியாதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இரும்பு எங்கே போயிற்று? மாதம் 40 மில்லி ரத்தம் போனால் இழப்பு நாளுக்கு அரை மி.கி.தான். 80 மில்லி என்றால் 1.1 மி.கி., எந்தச் சாப்பாடும் ஈடுகட்டத் திணறும். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்றுவது, கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதை நிறுத்தாமல் மாத்திரை போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். மூலம், கொக்கிப்புழு இரண்டையும் விசாரியுங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் கீரை, பேரீச்சை என்று நாளைக் கடத்தவே கூடாது. குடலில் கசிவு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும், சில சமயம் புற்றுநோயின் முதல் அடையாளமே அதுதான்.

உங்களுக்கு ஃபெரிட்டின் 7 என்பதால் சந்தேகமில்லை. 15க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. மற்றவர்கள் இந்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் இரும்பு தின்ன வேண்டாம். காய்ச்சல், கிருமித்தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், உடம்பு சரியானதும் எடுக்கவும். ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால், எம்.சி.வி.யை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறாக இருக்கலாம். ஃபெரிட்டின் சரியாக இருக்கும் அப்படிப்பட்டவர்களுக்கு இரும்பு உதவாது. பச்சரிசி மென்றுகொண்டே இருப்பது, திருநீறு, சாக்பீஸ், ஐஸ்கட்டி தின்னும் ஆசை ஆகியவை இரும்புக் குறைவின் அடையாளங்கள். கெட்ட பழக்கம் என்று திட்டாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள். இரும்பு ஏற ஏற அந்த ஆசை தானாகப் போய்விடும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது டீயோ கேஸ் மாத்திரையோ தடுக்கிறது, அல்லது ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பி12 குறைவு போல வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ரத்தம்தான் முதலில் நிரம்பும், கையிருப்பு கடைசியில். அதற்குப் பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து, ஃபெரிட்டின் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மூச்சு வாங்குவதும் சோர்வும் சில வாரங்களில் குறையும், முடி கொட்டுவது நிற்க மாதங்கள் ஆகும்.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் அட்டையை மேலே, பூட்டில் வையுங்கள். சிவப்பு மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். 10 கிலோ குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை ஆறு உயிருக்கே ஆபத்து, இரண்டே போதும் நஞ்சின் அறிகுறிகள் வர. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரம் குழந்தை தெளிந்த மாதிரி விளையாடும், அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.